எட்டு மாதக் கோமாவில் ஒரு குறட்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். இங்கே எல்லாரும் நலம், எட்டு மாதமாகக் கோமாவில் கிடக்கும் உங்கள் மாப்பிள்ளை உட்பட. அங்கே உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அன்றைக்கு போனில் நான் அழுதுவிட்டு வைத்ததில் நீங்கள் பயந்துபோயிருப்பீர்கள். அந்த அழுகையை ரத்து செய்யத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத்தான் தெரியுமே, இருபத்தாறு வருஷத்தில் இவர் போடாத வேஷம் இல்லை. சினிமாவில், எல்லாம் முடிந்தபிறகு ஜீப்பில் வந்து இறங்கும் இன்ஸ்பெக்டர், ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றும் டாக்டர், "ஆர்டர், ஆர்டர்" தவிர வேறு வசனமே இல்லாத நீதிபதி, இரண்டு படத்தில் முதல் காட்சியிலேயே பிணம். எந்த வேஷமோ அதை வீட்டுக்கும் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். இன்ஸ்பெக்டராக இருந்த மாதம், சர்க்கரை டப்பா காலியானதற்கு என்னையும் பிள்ளைகளையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து விசாரித்தார். நீதிபதியாக இருந்தபோது, குழாய் ரிப்பேரை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் டிவி சீரியலில் பெரிய வீட்டு அப்பா வேஷம் கிடைத்து, மாடிப்படியில் உருண்டு விழுந்து கோமாவுக்குப் போனார் பாருங்கள், அன்றிலிருந்து வீட்டிலும் கோமாதான். கேஸ் சிலிண்டரை நகர்த்தச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு, "அசையாம படுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உனக்கென்ன தெரியும்? பயிற்சி வேணும்" என்கிறார்.

அந்தப் பயிற்சியின் லட்சணத்தைக் கேளுங்கள். மருமகளாக நடிக்கிற பெண் இவர் காலைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் அழுகிற காட்சி. செட்டில் ஏசி, மெத்தையும் நல்ல மெத்தை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அவள் "மாமா, ஒரே ஒரு தடவை கண்ணைத் திறங்க மாமா" என்று கதற, இவர் கொர்ரென்று ஒரு குறட்டை விட்டார் அண்ணா! லைட்மேன் ஏணியிலிருந்து இறங்கி வந்து சிரித்தாராம். டைரக்டர் சிரிக்கவில்லை. "சார், உங்களுக்குப் படுக்கக்கூடத் தெரியலையே. வர்ற வெள்ளிக்கிழமையோட உங்களைச் சாகடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "அம்பத்தெட்டு வயசுல இனி என்னை யார் கூப்பிடப் போறா? பொணமா நடிக்கக்கூட இப்பல்லாம் சின்னப் பசங்களைத்தான் எடுக்கிறாங்க" என்றார். அது நடிப்பு இல்லை அண்ணா. அன்றுதான் உங்களுக்கு போன் செய்தேன்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. எடிட்டர் என்ன அவசரத்தில் இருந்தாரோ, அந்தக் குறட்டையை வெட்ட மறந்துவிட்டார். அது அப்படியே டிவியில் வந்துவிட்டது! நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் மறுநாள் காலையிலிருந்து சேனலுக்கு போன் மேல் போனாம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. "பெரியவருக்கு மூச்சு மாறுது, பொழைச்சுக்குவார்!" என்று ஒரு அம்மா தேம்பித் தேம்பி அழுதாராம். மாடி வீட்டம்மா என்னிடமே வந்து, "உங்க வீட்டுக்காரர் எழுந்துடுவாரா? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவரைச் சாகடித்தால் சீரியலையே நிறுத்திவிடுவோம் என்று சேனல்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நேற்று டைரக்டரே வீடு தேடி வந்து, "அந்தக் குறட்டையை நான் பிளான் பண்ணித்தான் சார் வெச்சேன்" என்று கூசாமல் சொன்னார். திங்கட்கிழமை இவர் கண்ணைத் திறக்கிறார். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கதை இருக்கிறதாம். அப்பாடா! இப்போதுதான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்குகிறது. இவரும் நான் சொல்லாமலே சிலிண்டரை நகர்த்திவைத்தார்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நடிகனைக் கட்டிக்கொண்டு என்னத்தைக் கண்டாய் என்று இனிமேல் கேட்கமாட்டீர்கள் என்ற தைரியத்துடன்,

உங்கள் தங்கை.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது திங்கட்கிழமைக்கான வசனம் வந்தது. ஒன்பது பக்கம். கண்ணைத் திறந்ததும் குடும்ப ரகசியம் மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறாராம். எட்டு மாதமாக வாயே திறக்காத மனுஷனுக்கு முதல் பக்கமே மனப்பாடம் ஆகவில்லை. இந்த நிமிஷம் பக்கத்து அறையில் டைரக்டரிடம் போனில் குழைந்துகொண்டிருக்கிறார்: "சார், கண்ணைத் திறந்த அதிர்ச்சியிலயே திரும்ப மயக்கமாயிட்டா கதைக்கு இன்னும் வெயிட்டா இருக்குமே சார்? ஒரு வருஷம்னாலும் பரவாயில்ல, நான் படுத்துக்கிறேன்."