விதை வயலில் மயில்

இப்போதுள்ளவர்களுக்கு எதை எங்கே வரைவது என்ற விவஸ்தையே கிடையாது. தாள் இருக்கிறது, சுவர் இருக்கிறது. போதாதென்று விளைகிற வயலிலும் படம் போடுகிறார்கள்.

தங்கையன் வரப்பில் நின்று பல்லைக் கடித்தார். கண் புரைக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் வீட்டை விட்டு இறங்கவில்லை. அதற்குள் மருமகள் ஆர்த்திகா, பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர், அவருடைய விதை வயலில் ஊதா நெல்லை நட்டு ஒரு மயிலை வரைந்துவிட்டாள். வருஷா வருஷம் அவர் நெல்லைத் தின்று தீர்க்கிற அதே சனியன்.

கட்டிச்சம்பா விதைநெல்லுக்குக் கொட்டாரம் ஊரைச் சுற்றி எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். நாற்பது வருஷத்துப் பேர்.

"எனக்க விதையில கலப்பு விழுந்தா நாளைக்கு எவன் நம்ம வாசல்ல வருவான்?"

"பூ வாறதுக்கு முன்னே ஊதா எல்லாத்தையும் பிடுங்கீருவேன் மாமா. மேல இருந்து ஒரு போட்டோ மட்டும் எடுக்கணும்."

அவர் நம்பவில்லை. அவள் பள்ளிக்கூடம் போனதும் மயிலின் தலையைப் பிடுங்கி எறிந்தார். வெற்றிடத்தில், நாற்றங்காலில் மிஞ்சிக் கிடந்த சொந்த நாற்றைத் தன் கையாலேயே நட்டார். பத்தாம் நாள் அங்கேயும் திட்டுத்திட்டாய் ஊதா. மயிலுக்கு அம்மை போட்டதுபோல ஆயிற்று.

மருமகள் களவாக நட்டாள் என்று வீடு இரண்டுபட்டது. மகன் சுதன் சமாதானம் சொல்ல வாயைத் திறந்து, அதற்கும் சேர்த்து வாங்கிக்கொண்டான். தங்கையன் தோகையையும் பிடுங்கி, மிச்ச நாற்றை நட்டு, வலை கட்டி, குடையோடு காவல் இருந்தார். கண்ணெதிரேயே ஊதா தலைநீட்டியது.

நடவுக்காரி செல்லக்கனியைச் சாட்சிக்குக் கூட்டிவந்து நிறுத்தினார்.

"ஏட்டி, மறைக்காம சொல்லு. இந்த நாத்தை இவ எங்க இருந்து கொண்டுவந்தா?"

ஆர்த்திகா வேண்டாமென்று தலையசைத்தாள். செல்லக்கனி முந்தானையை உதறினாள்.

"உமக்க நாற்றங்கால்ல இருந்துதான் அண்ணாச்சி. அஞ்சாறு வருஷமா உம்ம விதை கலந்துதான் கெடக்கு. கண்ணு தெரியாத மனுசனை நோவடிக்கப்பிடாதுன்னு, களைன்னு சொல்லி நாங்களே பிடுங்கிப் போடுவோம். இந்தத் தடவை ஊதாவா வாற, தூரு செவந்த நாத்தை எல்லாம் பெறக்கி ஒரே இடத்துல நட்டுட்டா பிடுங்க லேசுன்னு, இந்தப் பிள்ளைதான் மயிலாக்கிச்சு."

தங்கையன் குடையை மடக்கிக்கொண்டு வரப்போடு விறுவிறுவென்று நடந்தார்.

"கண்ணுல என்னத்தையோ வச்சுத் தச்சிருக்கான் அந்த டாக்டரு."