மாமனாருக்கு ஆறு பாட்டில்

காரின் டிக்கிக்குள் கையை விட்டுப் பார்த்த ரெமிக்குப் பகீரென்றது. முட்டையை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் ஆகிவிடும். அந்த டிக்கியில்தான் மாமனாரின் எண்பதாவது பிறந்தநாள் விருந்துக்கான ஆறு பாட்டில் ஒயினை வைத்தாக வேண்டும்.

திராட்சைத் தோட்டத்தின் எஜமானி மதாம் ரூக் வாசல்வரை வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தாள்.

"இருபத்தஞ்சு டிகிரியைத் தாண்டிச்சுன்னா ஒயின் வெந்துடும் சார். உங்க மாமனார் நாக்குக்கு முதல் வாயிலேயே தெரிஞ்சுடும். முப்பது வருஷம் ஆகஸ்ட் தவறாம வந்தவராச்சே! எங்க நிலவறையில ரெண்டு மணி நேரம் கண்ணை மூடிக்கிட்டு உட்காருவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். நிபுணருங்க எத்தனையோ பேர் வந்து வளவளன்னு பேசிட்டுப் போயிருக்காங்க. ஒயினுக்கு இப்படி ஒரு மரியாதை குடுத்தவங்களை நான் பார்த்ததில்ல. அவருக்குன்னே ஒரு நாற்காலி இன்னும் போட்டு வெச்சிருக்கோம்."

வெளியே நாற்பத்தொரு டிகிரி. காரின் ஏ.சி. ஜூன் மாதமே உயிரை விட்டிருந்தது. மெக்கானிக் செப்டம்பரில் வரச் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டான். நாடே லீவில் போகும் ஆகஸ்டில் பிரான்சில் செத்தவனைப் புதைக்கக்கூட ஆள் கிடைப்பது கஷ்டம், ஏ.சி.க்கு எங்கே போவது?

ரெமியின் கவலை ஒயினைப் பற்றியது மட்டுமல்ல. சோலான்ஜைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மாமனார் கசால் ஒருநாள்கூட அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வடக்கத்தியார் வந்துட்டாரா? வடக்கத்தியாருக்கு ரொட்டி குடுங்க." அவ்வளவுதான். ரெமி வடக்கே லீல் நகரத்துக்காரன், பீர் குடிக்கிற ஜாதி. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பீர் இருக்கிறதா என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டான். இழவு வீடு மாதிரி மேஜையே அமைதியானது. அன்று முதல், ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் லீலிலிருந்து அண்ணன் அனுப்பும் பீரைத் தன் வீட்டு கராஜில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் கள்ளத்தனமாகக் குடித்துவருகிறான்.

பிறந்தநாளுக்கு அந்த ஒயினை வாங்கி வருவது வழக்கமாக மச்சானின் வேலை. இந்த வருடம் மச்சான் காலை உடைத்துக்கொண்டதால் பொறுப்பு ரெமிக்கு வந்தது. இதிலாவது பெயர் வாங்க வேண்டும், அதாவது தன் சொந்தப் பெயரை அவர் வாயால் வாங்க வேண்டும் என்ற உறுதியோடு கிளம்பி வந்திருந்தான்.

அட்டைப்பெட்டியை முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டான். பத்து கிலோமீட்டர் போனதும் ஒரு பாட்டிலைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. ஊர் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அப்போது சாலையோரத்தில் வேறொரு தோட்டத்தின் பலகை தெரிந்தது: 'ஒயின் ருசி பார்க்கலாம். நிலவறை திறந்திருக்கிறது.'

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கினான். சொர்க்கம். அரைமணி நேரம் பெட்டியை ஆறவைத்துவிட்டு நழுவிவிடலாம் என்பது திட்டம். ஆனால் அங்கிருந்த பெண் சிரித்த முகத்தோடு நாலு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து, தாத்தா காலத்துக் கதையையும் சொன்னாள். அந்தப் பக்கத்தில் ருசி பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறுவது, கல்யாணத்தில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் பின்வாசல் வழியாகப் போவதற்குச் சமம். ரெமி ஆறு பாட்டில் ரோசே என்கிற இளஞ்சிவப்பு ஒயின் வாங்கினான்.

இப்போது இரண்டு பெட்டி. காசு கொடுத்து வாங்கியதை வேகவிட யாருக்கு மனசு வரும்? அடுத்த பலகையைக் கண்டதும் கார் தானாகத் திரும்பியது.

அந்தத் தோட்டக்காரர் தாடி வைத்த ஆசாமி. ஒருவன் ஒயின் பெட்டியைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு வருவதைப் பார்த்ததுமே, இவன் சாதாரண ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். கார் ஓட்ட வேண்டுமே என்று ரெமி ஒவ்வொரு வாயையும் வாளியில் துப்பினான். அவருக்குச் சந்தேகமே போய்விட்டது. குடிக்கிறவன் வாடிக்கையாளன், துப்புகிறவன் நிபுணன் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். தன் சிவப்பு ஒயினைப் பற்றி நிபுணர் என்ன நினைக்கிறார் என்று கைகட்டி நின்று கேட்டார்.

ரெமிக்கு ஒயின் பாஷை தெரியாது. அவன் மனசு முழுக்க மாமனார்தான் இருந்தார். "கொஞ்சம் பிடிவாதம்தான். ஆனா உள்ளுக்குள்ள நல்ல மாதிரின்னு தோணுது" என்று சொல்லிவைத்தான்.

தாடிக்காரரின் கண்கள் கலங்கிவிட்டன. அந்த வாக்கியத்தைச் சுவரிலிருந்த கரும்பலகையில் சாக்பீசால் எழுதினார். இவ்வளவுக்குப் பிறகு ஆறோடு நிறுத்துவது மனிதத்தன்மை ஆகுமா? பன்னிரண்டு வாங்கினான்.

அப்போது சோலான்ஜ் போனில் கூப்பிட்டாள்.

"எங்கே இருக்கே?"

"நிலவறையில."

"இன்னுமா? எந்த நிலவறை?"

"மூணாவது."

"ரெமி, குடிச்சிருக்கியா?"

"இல்ல. துப்பிக்கிட்டிருக்கேன்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

உரலில் தலையைக் கொடுத்தாகிவிட்டது, இனி உலக்கைக்குப் பயந்து என்ன? ஊர் எல்லையில் விவசாயிகள் கூட்டுறவு ஒயின்கடை. அங்கே ஐஸ் கேட்டான். ஐஸ் விற்பனைக்கு இல்லை, பத்து லிட்டர் டப்பா ஒயின் வாங்கினால் இலவசமாகத் தருவோம் என்றார்கள். வாங்கினான். எல்லாப் பெட்டிகளையும் டிக்கியில் அடுக்கி, நாலு மூட்டை ஐஸை மேலே கொட்டி, வெற்றிப் பெருமிதத்தோடு மாமனார் வீட்டை நோக்கி காரை விட்டான்.

போய்ச் சேர்ந்தபோது ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. அட்டைப்பெட்டிகள் கூழாகியிருந்தன. இருபத்துநாலு பாட்டில்களின் லேபிள்களும் உரிந்து, டிக்கியின் அடியில் கஞ்சியாக மிதந்தன. ரோசேயை நிறத்தை வைத்து ஒதுக்கிவிட்டான். மிச்சமிருந்த பதினெட்டு சிவப்பு பாட்டில்களில் மாமனாருடைய ஆறு எவை? தக்கையிலாவது பெயர் இருக்கும் என்று சமையலறையில் நாலைத் திறந்து பார்த்தான். நாலும் மொட்டைத் தக்கை. கடைசியில் ஆண்டவன் விட்ட வழி என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான்.

வெயிலுக்காக ஜன்னல்களையெல்லாம் சாத்தி இருட்டாக்கிய கூடத்தில் குடும்பமே காத்திருந்தது. கசால் மேஜையின் தலைப்பக்கத்தில், தண்ணீர் நிறைந்த பேசினில் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார். ரெமி ஊற்றினான். அவர் முகர்ந்தார், உறிஞ்சினார், கண்ணை மூடினார்.

"எப்பவும் போல இருக்கு" என்றார்.

மேஜையே ஆரவாரித்தது. மச்சான், உடைந்த காலை மறந்து எழுந்திருக்கப் பார்த்தான். அந்த நாக்குக்கு ஈடு உண்டா என்று ஆளாளுக்குச் சிலாகித்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் ரெமி அன்றோடு பிழைத்திருப்பான். ஆனால் வெயில் அவனுடைய பொய் சொல்லும் சக்தியையும் உருக்கிவிட்டிருந்தது. கேக் எடுத்துவர எல்லோரும் சமையலறைக்குப் போன சமயத்தில் மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மாமா, இது அந்த ஒயின்தானான்னு எனக்கே தெரியாது. வெந்துடக் கூடாதேன்னு வழியில ஒவ்வொரு நிலவறையா பூந்தேன். உள்ளே போனா சும்மா வெளியே வர முடியல. போற இடமெல்லாம் வாங்கித் தொலைச்சேன். கடைசியில எல்லா லேபிளும் ஊறிப் போச்சு. உங்க நாற்காலியைப் பத்தி அந்த அம்மா அவ்வளவு சொன்னாங்க. அதைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

கசால் சமையலறைப் பக்கம் ஒரு நோட்டம் விட்டார். பிறகு, கிட்டே வா என்று விரலை அசைத்தார்.

"நான் கூரைக்கு ஓடு வேய்ஞ்சவன். ஆகஸ்ட் வெயில்ல கூரையிலேர்ந்து இறங்கினா, அந்த வட்டாரத்துலேயே குளுகுளுன்னு தூங்க இடம் அந்த நிலவறை ஒண்ணுதான். ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு வெறுங்கையோட எப்படி வர்றது, அதான் வருஷா வருஷம் ஆறு பாட்டில் வாங்கினேன். அதைப் பார்த்துட்டு இதுங்க எல்லாம் எனக்கு அது உசிருன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் ஊத்திக்கிட்டே இருக்குதுங்க. அது கிடக்கட்டும் ரெமி, உன் கராஜ்ல பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால இருக்கிற பீரை என் கண்ணுல எப்போ காட்டப் போறே?"