இரும்புநாக்குக்குத் தெரியாத சாமான்

இரும்பை நக்கிப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் ஒரத்தநாட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஊர் வைத்த பெயர் இரும்புநாக்கு. அவர் சொல்வதில் பாதி தப்பு. ஆனால் 'தெரியாது' என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வந்ததே இல்லை.

ஒருமுறை அதிராம்பட்டினத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், நீளக் காம்பு வைத்த கொக்கி ஒன்றை நீட்டினார். இவர் நக்கினார். கண்ணை மூடினார்.

"உப்பு கரிக்குது. கப்பல் சாமான்."

"ஊறுகா ஜாடிக்குள்ள கெடந்துச்சுங்க."

"அதுக்கு முன்னாடி கப்பல்ல இருந்துருக்கும்!"

இன்னொருவர் வளைந்த கத்தி கொண்டுவந்தார். நிதானமாக, ருசித்து நக்கிவிட்டு, "பழம் சீவுறது" என்றார்.

"எங்க தாத்தா மாட்டுக் குளம்பு சீவுனதுண்ணே."

கடை சிரித்தது. அவர் ஒரு சோடா வாங்கி வாய் கொப்பளித்தார். "அதுக்கு முன்னாடி பழம் சீவியிருக்கும்" என்றார். தோற்றதாக ஒத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் என் தாய்மாமா இறந்தபோது அவருடைய மரப்பெட்டி எங்களிடம் வந்தது. உள்ளே முழுக்கத் துருப்பிடித்த கைச்சாமான்கள். எனக்குக் கடையில் நாலு பேர் முன்னால் பேச வராது. பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பேசியது அம்மாதான்.

இரும்புநாக்கு மளமளவென்று சொன்னார். "இது கோணி ஊசி. இது லாடம் புடுங்குற கொறடு." கடைசியாக ஒன்று மிஞ்சியது. முழ நீளக் கம்பி. ஒரு முனையில் சதுர ஓட்டை, மறுமுனையில் குறுக்குப் பிடி.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஒரு வருஷம், எங்கள் முறை வராத நாளில் வாய்க்கால் மதகு திறந்திருந்தது. மாமா வயல் நிறைந்தது, கடைமடை காய்ந்தது. மாமா திறந்தார் என்றார்கள். எதைக் கொண்டு திறந்தார் என்று யாராலும் காட்ட முடியவில்லை. சாகும்வரை அவருக்குப் பின்னால் 'தண்ணித் திருடன்' என்ற பேச்சு இருந்தது.

"அந்த வருஷம் கடைமடையில உங்க வயலுந்தாண்ணே கருகிப்போச்சு" என்றாள் அம்மா. "நீங்களே சொல்லுங்க. எங்க அண்ணன் அப்படிச் செய்யிறவரா? இது என்ன சாமாண்ணே?"

இரும்புநாக்கு அதை நக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். சதுர ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.

கடையே எழுந்து நின்றுவிட்டது. "என்னண்ணே, நாக்கு செத்துப்போச்சா?" என்று பழைய பேப்பர் போட வந்தவர் கேட்டார். அன்று சாயங்காலமே டீக்கடை வரை செய்தி போய்விட்டது. இப்போது ஊரில் பாதிப்பேர் அவரை 'தெரியலண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்த வருஷம் தண்ணீர் திறந்த அன்று, ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைப்பு வழியாக வந்தேன். மதகு ஷட்டரை, தண்ணீர் திறந்துவிடுகிற அரசாங்க ஆள் லஸ்கர் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்த சாவிக்கு ஒரு முனையில் சதுர ஓட்டை, மறுமுனையில் குறுக்குப் பிடி.

நேரே கடைக்குப் போனேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து, வாய் திறந்து கேட்டேன். "அண்ணே, அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியாதுன்னு சொன்னேன்ல தம்பி? வேலையப் பாரு."

அம்மா அந்தச் சாமானை எண்ணெய் போட்டுத் துடைத்து, மாமா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த இரும்புநாக்கு அதை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் தெரியலம்மா" என்றார், யாரும் கேட்காமலே.