மயில் நின்ற இடம்

மடத்துக்குளத்தில் இருக்கும் அன்பு அண்ணாவுக்குத் தரணி எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டில் நங்கையாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு அத்தை சுகம், அவர் சுகம், பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. நான்தான் வெளியே தலைகாட்ட முடியாமல் இருக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் வீதி பழசாகிவிட்டது, சாக்கடை, குழாய் எல்லாம் புதுசாகப் போடப்போகிறோம், எது எங்கே இருக்கிறது என்று வீதிச் சனங்களே தரையில் வரைந்து காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஓர் அரசாங்க ஆபீசர் வந்தார். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். பி.எஸ்ஸி. படித்தவள், மார்கழிக் கோலத்தில் பரிசு வாங்கியவள். அங்கேதான் கெட்டது. கலர்ப்பொடியை எடுத்ததும் எனக்கு வீதி மறந்து கோலம் ஞாபகம் வந்துவிட்டது அண்ணா. ரெண்டு பக்கமும் ஊடு சரிசமமா வரோணும், நடுவுல தாமரை, வீதிக்கடைசி மொட்டையா இருக்குதேன்னு ரெண்டு மயில் வெச்சேன். ஆபீசர் குனிஞ்சு பாத்து, ரொம்ப நல்லா இருக்குதுங்க, மயில் இருக்கறது பூங்காங்களான்னு கேட்டாரு. பாராட்டற மனுசங்கிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்றது, ஆமாங்கன்னுட்டேன். அவரும் பூங்கான்னு எழுதி போட்டோ புடிச்சுட்டாரு.

அப்பத்தான் சின்னத்தாய் முன்னால வந்தா. தெற்கத்திக்காரி, பனியன் கம்பெனி வேலை, வீதிக்கடைசியில வரிசையா ஒட்டிக் கட்டுன லைன் வீட்டுல இருக்கறா. மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணி அவிக ஊட்டுக்குள்ளதான் போகும். கொழந்தையக் கட்டில் மேல வெச்சுட்டு வாளியில மோந்து ஊத்துவாங்க. படத்தையே பாத்துட்டு, "யக்கா, எங்க லைன் வீட்டக் காணுமே"ன்னா.

இடம் பத்தலைன்னேன்.

"மயிலு நிக்குதுல்ல, அதான்க்கா எங்க வீடு."

யாரோ சிரிச்சாங்க. குடும்பங்க இருக்கற இடத்துல நான் பூங்கா வெச்சுட்டேன் அண்ணா. இப்பக் குழாயடிக்குப் போனா, மயிலு வருது, வழி விடுங்கங்கறாங்க. பாப்பா வேற சின்னத்தாய் மகளைப் பாத்து, நீ மயிலான்னு கேக்கறா. ஞாயித்துக்கிழமை வந்து எங்களைக் கூட்டிட்டுப் போயிருங்க. இந்த வீதி மறக்கறவரைக்கும் அங்கயே இருந்துக்கறேன்.

நங்கையாவுக்கு என் வணக்கம். தோட்டத்தில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும், காரணத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

தலைநிமிர முடியாத தங்கை,
தரணி

பி.கு.: காலையில் எழுதுகிறேன். வர வேண்டாங்கண்ணா. லைன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் போய் ஆபீசரைக் கூட்டிட்டு வந்து, அவங்களே புதுசா வரைஞ்சுட்டாங்க. லைன் வீடு ஒவ்வொண்ணும் அரண்மனையாட்டம் இருக்குது. எங்க ஊட்டக் காணோம். சாக்கடை நேரா எங்க அடுப்படி மேலயே போகுது. அழிக்கறதுக்கு அத்தை சீமாத்தைத் தேடறாங்க. அதை ஒளிச்சு வெச்சுட்டுத்தான் உக்காந்து எழுதறேன். ஆபீசர் முதல்ல போட்டோ புடிக்கட்டும்.