மேற்குச் சுவரில் மாலை வெளிச்சம்

யானை வீட்டை உடைத்தால் அரசாங்கம் நிவாரணம் கொடுக்கும். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் கொடுப்பதற்கு முன், உடைத்தது யானைதானா என்று பார்க்கும். அதிலும் நியாயம் இருக்கிறது. யானையின் பெயரைச் சொல்லித் தன் வீட்டைத் தானே உடைக்கக்கூடிய ஆட்கள் எங்கள் பக்கத்தில் இல்லாமலில்லை. ஆகவே சேதத்தைப் படம் பிடித்து அனுப்பவேண்டும் என்பது விதி. படம் சரி என்று மாத்தளை அரசாங்கக் கந்தோர் சொல்லும்வரைக்கும் உடைந்ததை உடைந்தபடியே பேணிப் பாதுகாக்கவேண்டும் என்பது உபவிதி.

வில்கமுவைக்குப் போகும் பஸ், வந்தால், எங்கள் ஊரில் நிற்கும். பஸ்ஸைவிட ஒழுங்காக வருவது யானை. போன அறுவடை முடிந்து நெல் மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கிய கையோடு, பக்கத்து வீட்டு ரவூபின் மேற்குச் சுவரை ஒரு தனியன் யானை முட்டித் தள்ளியது. தேவையான நெல்லைத் தின்றுவிட்டு, அவசரம் எதுவும் இல்லாமல் காட்டுக்குத் திரும்பியது. ரவூபும் அவன் மனைவி றஸ்மியாவும் பிள்ளைகளும் மறுபக்க அறையில் படுத்திருந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சுவரில் மட்டும் ஒரு வாசல் அளவுக்கு ஓட்டை.

"மாரி மழ தொடங்க முந்தி இத அடச்சிரணும். அது போதும் எனக்கு" என்றாள் றஸ்மியா. அவள் கேட்டது அவ்வளவுதான். அடைக்கக் கல்லும் மண்ணும் இருந்தன, ரவூபுக்குக் கையும் இருந்தது. உபவிதிதான் குறுக்கே நின்றது.

இந்த இடத்தில் சம்பந்தப்பட்ட கந்தோரைப் பற்றிச் சொல்லவேண்டும். அதன் முழுப் பெயரைச் சொல்லத் தொடங்கினால் பஸ் வந்து போய்விடும். அந்தக் கந்தோரின் ஆண்டறிக்கையில் யானையால் பாதிக்கப்பட்டவர்களின் படங்களைப் போடுவார்கள். எல்லாரும் அழுதுவடிந்த முகத்தோடு நிற்பார்கள். ஒருமுறை உதவி கொடுக்க வந்த வெளிநாட்டார் அதைப் பார்த்து மனம் நொந்து, வைத்த கேக்கைக்கூடத் தொடாமல் எழும்பிப் போய்விட்டார்களாம். உடனே ஒரு சுற்றுநிருபம் புறப்பட்டது: இனிமேல் பாதிக்கப்பட்டோர் 'கண்ணியமாகவும் நம்பிக்கையூட்டும் வகையிலும்' வெளிப்புறத்தில் வைத்து உருவப்படம் எடுக்கப்படுவார்கள். பெரிய கெமரா ஒன்று வாங்கினார்கள். 'ஆரம்பநிலையினருக்கான வெளிப்புற உருவப்படப் பயிற்சி'க்குக் கண்டிக்கு ஓர் உத்தியோகத்தரை அனுப்பினார்கள்.

அனுப்பப்பட்டவர் திரு. ஸ்ரீஸ்கந்தராஜா. யாழ்ப்பாணத்தார், நேர்மையானவர், வாழ்க்கையில் கெமராவைத் தொட்டதில்லை. கந்தோரில் நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார்தான். அவரை ஏற்கெனவே தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் 'முடிந்தால்', 'பெரும்பாலும்', 'உங்கள் விருப்பம்' என்றெல்லாம் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் தலைமயிர் நரைக்கும்வரை அரசசேவையில் இருந்த மனிதருக்கு அந்தச் சொற்கள் காதில் ஏறுமா? உச்சி வெயிலில் எடுக்கக்கூடாது. மாலை வெளிச்சம் பொன். பின்னணி மங்கவேண்டும். கண் துலங்கவேண்டும். ஆளைச் சிரிக்கவைக்கவேண்டும். அவருக்கு இவை ஐந்தும் சட்டம்.

அவர் ஜீப்பில் வந்து இறங்கியபோது நடுப்பகல். சந்தேக நபரைப் பார்ப்பதுபோல வானத்தைப் பார்த்தார்.

"வெயில் உச்சியில நிக்குது. இப்ப எடுக்கேலாது. கண்ணுக்குக் கீழ நிழல் விழும்."

"நிழல் விழுந்தா என்ன சேர்? சுவரே விழுந்திட்டு" என்றான் ரவூப்.

"சுவர் விழலாம். நிழல் விழக்குடாது."

என் கடை ரவூபின் வீட்டுக்கு அடுத்ததாக இருக்கிறது. பின்பக்கம்தான் என் வீடும். சேர் என் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, சோறு தின்று, பிளேன்டீ குடித்து, சற்றுக் கண்ணயர்ந்து, வெயில் சாயும்வரை கடமையாற்றினார். பிறகு ரவூபை வீட்டிலிருந்து தூரக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு வேலியோரம் நிறுத்தினார்.

"சேர், வீட்ட எடுங்க சேர். என்ட மூஞ்சிய யானை உடைக்கல்லயே."

"இது உருவப்படம் தம்பி. வீட்டுக்கு உருவம் இருக்கு, முகம் இல்லை. நாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ. ஆ... அப்பிடியே நில்லுங்கோ."

படத்தை எங்களுக்குக் காட்டினார். பொய் சொல்லக்கூடாது, ரவூப் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. றஸ்மியா கெமராவைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "கலியாணத்தண்டும் இவரு இப்பிடி ஈக்கல்ல" என்றாள். வீடு மட்டும் பின்னால் தேங்காய்ப்பால் கலங்கினதுபோல ஏதோ ஒன்றாக இருந்தது.

சில வாரங்களில் கடிதம் வந்தது. 'தங்களது உருவப்படம் மிகவும் திருப்திகரமானது. எனினும் அதில் வீடு எதுவும் காணப்படாமையினால், வீடற்ற ஒருவருக்கு வீட்டுச் சேத நிவாரணம் வழங்க ஏற்பாடு இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம்.'

சேர் மறுபடி வந்தார். இந்த முறை பயிற்சியில் சொன்ன இன்னொரு பாடம் அவருக்கு ஞாபகம் வந்திருந்தது. ஆளை ஒரு வாசலிலோ யன்னலிலோ நிறுத்தினால் அது படத்துக்கு இயற்கையான சட்டகமாக அமையுமாம். வீட்டைச் சுற்றி வந்து பார்த்தவர் மேற்குப் பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டை முழுக்கப் பொன்னாக இருந்தது.

"யானை எண்டாலும் வெளிச்சம் விளங்கின யானை" என்றார் சேர், உண்மையான மரியாதையுடன்.

ரவூபையும் றஸ்மியாவையும் ஓட்டைக்குள் நிறுத்தினார். சிரிக்கச் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"சேர், காசு எப்ப வரும்?" என்று கேட்டான் ரவூப்.

"கெதியா வரும். அதிக நாள் ஆகாது."

புருசனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சேர் அந்த நொடியைத் தவறவிடவில்லை.

கந்தோர்களுக்கிடையே நடந்த உருவப்படப் போட்டியில் அந்தப் படத்துக்கு முதற்பரிசு கிடைத்தது. கந்தோர் கலண்டரிலும் போட்டார்கள். ரவூபுக்குக் கடிதம் கிடைத்தது. 'படத்தில் காணப்படும் குடும்பம் பற்கள் தெரியுமளவுக்கு மகிழ்ச்சியுடன் உள்ளது. வீட்டின் மேற்குப் புறம் போதிய காற்றோட்டமும் வெளிச்சமும் பெறுகின்றது. இதனைச் சேதமெனக் கொள்வதில் சிரமம் உண்டு.'

ரவூப் சேரைத் தேடி மாத்தளைக்கே போனான். துணைக்கு நானும் போனேன்.

"அப்ப அழவா சேர்?"

"அழக்குடாது. கண்ணியம் கெட்டுப்போம்."

"சிரிச்சா?"

"சேதம் கெட்டுப்போம்."

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூஞ்சி ஈக்குதா?"

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு மேலதிகப் பயிற்சி ஒண்டு இருக்காம். விண்ணப்பிச்சிருக்கிறன்" என்றார்.

இதற்கிடையில் பரிசுபெற்ற படம் எல்லாருடைய போனுக்குள்ளும் புகுந்துவிட்டது. இந்த நாட்டில் இப்போது மாப்பிள்ளை இல்லாமல்கூட ஒரு கலியாணத்தை ஒருவிதமாக ஒப்பேற்றிவிடலாம், கலியாணத்துக்கு முன்பே சோடியாகப் படம் எடுக்கும் ப்ரீ ஷூட் இல்லாமல் முடியாது. முதலில் கண்டியிலிருந்து சஜீவன், வித்தியா என்று ஒரு சோடி வேனில் வந்து இறங்கியது. மாப்பிள்ளை கோட்டும் சூட்டும், பெண் பட்டுச்சேலை.

"ஆன்ட்டி, இந்த ஓட்டை ஒரிஜினலா?" என்று கேட்டாள் வித்தியா.

"யானை ஒடச்சது மகள்" என்றாள் றஸ்மியா.

"ஐயோ, எவ்வளவு லக்கி நீங்க! அந்தச் சட்டியைக் கொஞ்சம் ஒதுக்குறீங்களா? வேணாம் வேணாம், இருக்கட்டும். நேச்சுரலா இருக்கு. அடுப்புப் புகை இன்னும் கொஞ்சம் வருமா?"

மாப்பிள்ளை ரவூபின் மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தூரத்தை நோக்கினார். விவசாயி அப்படித்தான் நோக்குவான் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அதன்பிறகு பின்னேரமானால் வேன்தான். எங்கள் ஊர் முன்னேறியது. வயல்காரன் ஜிப்ரி தன் உழவு மெசினுக்குப் பூக்கட்டி வாடகைக்கு விட்டான். நான் கடையில் சோடாவைக் கூட்டினேன், வளவை வேன் நிறுத்தக் கொடுத்தேன், பெண்கள் முகம் பார்க்க ஒரு நிலைக்கண்ணாடியும் போட்டேன். ரவூபின் நிலையை நினைத்து எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஓட்டையை அடைத்துவிடுவானோ என்ற கவலை. நல்லவேளையாகக் கந்தோரே வந்து 'வெளிப்புற உருவப்படத்துக்கு உகந்த இடம்' என்று பலகை நட்டு, ஓட்டையைப் பதிவுசெய்துகொண்டது.

மாரி தொடங்கியது. றஸ்மியா மழை உள்ளே வராமல் ஓட்டைக்கு நீலத் தறப்பாள் கட்டினாள். வந்த சோடிகள் அதைக் கழற்றச் சொன்னார்கள், நீலநிறம் படத்துக்கு ஒத்துவராதாம். கழற்றிக் கட்டி, கழற்றிக் கட்டி, ஒருநாள் பாயும் தலையணையும் நெல்லும் நனைந்தன. சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. றஸ்மியா தறப்பாளைச் சுருட்டி ரவூபின் காலடியில் போட்டாள்.

"இது வீடா, ஸ்டூடியோவா? இண்டைக்கு ஒரு முடிவு செல்லுங்க."

ரவூப் மண்வெட்டியை எடுத்தான். மழைவிட்ட நேரமெல்லாம் மண் குழைத்தான், கல் அடுக்கினான். சுவர் எழும்பியது. பூச்சும் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டான். நிவாரணம் வேண்டாம் என்று பலகையைப் பிடுங்கி அடுப்புக்கு வைத்தாள் றஸ்மியா. நன்றாக எரிந்ததாகக் கேள்வி.

வேன்கள் வந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து, திரும்பிப் போயின. என் கடையில் சோடா அடுக்கினபடி நின்றது. ஊர் கூடியது. நான் பேசினேன்.

"ஒரு மனுசன் தன்ட வீட்டுச் சுவர தன்ட இஷ்டத்துக்குக் கட்டலாமா? பொதுநலம் எண்டு ஒண்டு இல்லயா?"

"அது அவருட வீடுதானே?" என்று என் மனைவி நுஸ்லா உள்ளிருந்து கேட்டாள். பெண்களுக்குப் பொருளாதாரம் விளங்காது என்பதால் நாங்கள் பதில் சொல்லவில்லை. மனு ஒன்று எழுதினோம். எழுத்து அழகாக இருக்கும் என்று முதல் கையெழுத்தை என்னையே வைக்கச் சொன்னார்கள்.

கந்தோர் மிக விரைவாக முடிவெடுத்தது. பதிவுசெய்யப்பட்ட ஓட்டை மீண்டும் பூர்வநிலைக்குக் கொண்டுவரப்படவேண்டும். ஆனால் அது யானையால் ஆக்கப்பட்டதாகையால், மனிதர் உடைத்தால் போலியாகிவிடும். எனவே யானையின் வருகைக்கு எவரும் இடையூறு விளைவிக்கலாகாது.

அதுவரை நாங்கள் முறைவைத்துக் காவலிருந்து, யானை வந்தால் வெடி கொளுத்தி விரட்டுவோம். அந்த வழக்கத்தை நிறுத்துவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். ரவூப் மட்டும் "நானா, என்ட புள்ளைகள் உள்ளுக்கு படுக்கிறது" என்று என்னை அண்ணன்முறையில் கூப்பிட்டுச் சொன்னான். அது தனிப்பட்ட பிரச்சினை. வெடிகளை என் கடை அலுமாரியில் போட்டுப் பூட்டினேன். ரவூபின் மேற்குச் சுவரோரமாக இரண்டு சீப்பு கனிந்த வாழைப்பழத்தை மறந்து வைத்துவிட்டும் வந்தேன். வயதுபோனால் மறதி வரும்.

யானை வந்தது. இரண்டு சீப்பையும் தின்றது. சுவரை முகர்ந்து பார்த்தது. புதுச் சுண்ணாம்பு வாசம் பிடிக்கவில்லையோ என்னவோ, வாழைப்பழ வாசத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே அடுத்த வளவுக்குத் திரும்பியது. மற்றக் குலைகளெல்லாம் என் கடைக்குள்தான் தொங்கின.

நான் கத்தினேன். நுஸ்லா கத்தினாள். ஊரே விழித்துத்தான் இருந்தது. ஆனால் தீர்மானத்தை மிகவும் கட்டுப்பாடாகக் கடைப்பிடித்தது, ஒருவராவது ஒரு வெடி கொளுத்தவில்லை. எங்கள் ஊரில் அதற்கு முன் எந்தத் தீர்மானமும் இப்படி நிறைவேறியதில்லை. கடையின் கிழக்குச் சுவரும் பின்னாலிருந்த சமையல் குசினியும் போய்விட்டன. சோடா போத்தல்களை யானை மிதித்தது வேண்டுமென்றே என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சேர் கெமராவோடு வந்தார். என் ஓட்டையைச் சுற்றிவந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கிழக்குப் பக்கம். விடியப்பறம்தான் வெளிச்சம் வரும். அந்த நேரத்தில எந்தக் கலியாணச் சோடி இஞ்ச வரும்?"

"சோடி வேணாம் சேர். நிவாரணத்தத் தந்தாப் போதும். மழ பெய்யுது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தரலாம். உடைச்சது யானைதான் எண்டு பக்கத்து வீட்டார் சொல்லோணும்."

பக்கத்து வீட்டார் ரவூப். வெள்ளைச் சுவருக்குப் பின்னாலிருந்து பிளேன்டீக் கோப்பையோடு வந்து நின்றான். என் கடையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"செல்லு தம்பி" என்றேன்.

"தீர்மானந்தான் சேர் உடைச்சது" என்றான் ரவூப். "யானை சும்மா உதவிக்கு வந்தது."

சேர் பேனையைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். தீர்மானத்தால் உடைந்த வீட்டுக்கு நிவாரணம் கொடுக்க ஏற்பாடு இல்லை. ஆனால் மனிதர் நல்லவர், கைவிட மனம் வரவில்லை.

"யானை எண்டே போடுவம். தீர்மானம் எடுத்த ஆக்களும் சம்பந்தப்பட்ட ஆக்கள்தானே? எல்லாரும் வாங்கோ, குழுப்படமா எடுப்பம்."

ஊர் முழுக்க வந்துவிட்டது. படம் என்றால் யாருக்கு ஆசை இல்லை? ஜிப்ரி சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். பிள்ளைகளை முன்னால் குந்தவைத்தோம். ரவூப் மட்டும் படத்துக்குள் வரவில்லை. சேருக்குக் குடை பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லுங்க, எடம் போதும்" என்று எங்களை ஒழுங்குபடுத்தினான். சேர் சிரிக்கச் சொன்னார், எல்லாரும் சிரித்தோம்.

படம் மிக நன்றாக வந்திருக்கிறது. ஒவ்வொரு முகமும் துலக்கம். யானை உடைத்த இடம் எங்கே என்று கேட்டாள் நுஸ்லா. அதை மறைத்துக்கொண்டுதான் நாங்கள் நிற்கிறோம்.