டெல்மர் இருக்கக் கவலை ஏன்?

"பேண்டைக் கலைச்சிட்டோம்" என்று டேரல் சொன்னபோது, டெல்மர் தன் டிரம்மை வண்டியிலிருந்து முழுசாக இறக்கக்கூட இல்லை.

"என்னடா சொல்றே? அடுத்த மாசம் ஆல்பம் போடப் போறோமே!"

"எனக்கும் ராய்ஸுக்கும் ஒத்துவரல. அவனுக்கு ஸ்டீல் கிட்டார் வேணுமாம். எனக்கு வேணாம்."

ராய்ஸ் கொட்டகை மூலையில் தரையைப் பார்த்தபடி நின்றான். "ஆமா, வேணும்" என்றான்.

தெற்கு இல்லினாயில், சோளக்காட்டுக்கு நடுவே பிறந்த 'துருப்பிடித்த டிராக்டர்' பாட்டுக்குழு இப்படி ஒரு அற்ப விஷயத்துக்கு உடைந்ததை டெல்மரால் நம்பவே முடியவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து மூவரும் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். டேரலும் ராய்ஸும் எழுதுவதெல்லாம் மனைவி ஓடிப்போன பாட்டு, ஆலை மூடிய பாட்டு. அந்த அழுமூஞ்சிப் பாட்டுகளை விரட்டு விரட்டென்று விரட்டி, ஜனங்களை எழுந்து ஆடவைத்தது டெல்மரின் கைதான். அவன் இல்லாமல் இதுகள் என்ன செய்யும்?

டேரல் சீக்கிரமே 'தூரத்து மின்கம்பம்' என்று ஒரு குழு தொடங்கினான். கேள்விப்பட்டதும் டெல்மர் டிரம்மோடு அவன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"டிரம்மர் கிடைச்சாச்சா?"

டேரல் தன் பூட்ஸையே பார்த்தான். "இன்னும் இல்ல... ஆனா, வந்து..."

"கவலைய விடு மச்சான். நான் இருக்கேன்!"

"அட... சந்தோஷம்" என்றான் டேரல். அவன் அம்மா காபியும் ஆப்பிள் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

ராய்ஸ் 'அம்மாவின் பிக்கப் வண்டி' என்று இன்னொரு குழு ஆரம்பித்தான். ஒருவனுக்கு மட்டும் வாசித்தால் மற்றவன் மனசு நோகாதா? டெல்மர் அங்கேயும் சேர்ந்தான்.

"டேரலுக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்குவானே?" என்று ராய்ஸ் கொஞ்சம் ஆசையோடு கேட்டான்.

"அவனை நான் சமாளிச்சுக்கிறேன். நீ பயப்படாதே."

ஒரே கச்சேரியில் மின்கம்பம் சாய்ந்தது. பாட்டே வேண்டாம், பன்றி வளர்க்கப்போகிறேன் என்று டேரல் கிளம்பிவிட்டான். டெல்மர் ஆறுதல் சொல்லப் பட்டிக்கே போனான்.

"ஒரு பன்னியைக்கூடக் காணோமே?"

"இனிமேதான் வாங்கணும்."

அடுத்து பிக்கப்பும் படுத்துக்கொண்டது. ராய்ஸுக்கு முதுகுவலியாம், சத்தமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டெல்மர் சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனான்.

"நீங்க ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்தா வலியெல்லாம் பறந்துடும்டா. நான் பேசி முடிக்கிறேன்" என்றான். ராய்ஸ் போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் மூடிக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை மதியம், டிரம் குச்சி வாங்க ஆற்றைத் தாண்டி செயின்ட் லூயிஸ் போன டெல்மர், ஒரு பாரிலிருந்து தெரிந்த குரல்கள் வருவதைக் கேட்டு எட்டிப் பார்த்தான். ஒரே மைக் முன்னால் டேரலும் ராய்ஸும்! மெதுவாக, உருக்கமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். டெல்மருக்குத் தலைகால் புரியவில்லை. சேர்ந்துவிட்டார்கள்! ஆனால் பாவம், டிரம்மர் இல்லாததால் ஜனங்கள் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டிக்கு ஓடினான். டிரம்மை இழுத்துவந்து மேடையில் போட்டான்.

"உங்களைக் கைவிட்டுடுவேன்னு நெனச்சீங்களா? டிராக்டர், மின்கம்பம், பிக்கப்னு மூணு பேண்ட் கலைஞ்சா என்ன, நான் இருக்கேன்!"

ராய்ஸின் முகம் வெளுத்தது. "டெல்மர்! அட... சந்தோஷம்" என்றான். டேரல் நாற்காலியை நகர்த்தி இடம்விட்டான்.

பியர் கொண்டுவந்த பெண் சிக்காகோக்காரி. இந்தப் பக்கத்து நாசூக்கெல்லாம் அவளுக்குத் தெரியாது. டிரம்மையும் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓ, இந்த ஆளை மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லக் கூச்சப்பட்டுத்தான் மூணு பேண்டைக் கலைச்சீங்களா?"