மடிக்கு ஒரு மனு

கோமதியம்மாள் துணை

பனவடலிசத்திரம்,
10-2-1951

கொழும்பில் கடை பார்க்கும் என் கொழுந்தனார் கோமதிநாயகம் அவர்களுக்கு, உங்கள் மதினி இசக்கித்தாய் மூன்றாம் வகுப்பு வரை படித்த கையால் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அண்ணன், உங்கள் சம்சாரம் ஆவுடைத்தாய், பதினோரு மாதக் குழந்தை, செவலைப் பசு, அதன் கன்று யாவரும் சுகம். ஆவுடையின் அண்ணன் காசிராஜனும் இருக்கிற இடத்தில் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. போன மாதம் அனுப்பிய போட்டோவில் சட்டையில் இரண்டு பொத்தான் பூட்டாமல் இருந்தது. அது காற்றுக்காக அல்ல, வயிற்றுக்காக என்று உங்கள் அண்ணன் சொல்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. தை முடிவதற்குள் குழந்தைக்குக் காது குத்திவிட வேண்டும், ஜெயிலுக்குப் போன காசிராஜன் இனி நம் வாசலை மிதிக்கக் கூடாது, அவன் மடியில் என் பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது, ஒன்றுவிட்ட மாமன் துரைப்பாண்டி மடியில் வைத்துக் குத்துங்கள் என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தீர்கள். கோடு வெகு நேராக இருந்தது. தம்பி, காது குத்தியாகிவிட்டது. காசிராஜன் இந்த நிமிஷம் வரை நம் வாசலை மிதிக்கவில்லை. இதுவரைக்கும் உங்கள் சொல்லை அப்படியே காப்பாற்றிவிட்டோம். மடி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படவும். பாதியிலேயே கோபப்பட்டால் மீதியைப் படிக்கும்போது கோபத்துக்கு எங்கே போவீர்கள்?

காசிராஜனுக்கு இருபத்தோரு நாள் ஜெயில் என்று மட்டும் உங்களுக்குக் கார்டு போட்டிருந்தேன். கார்டில் இடம் அவ்வளவுதான். எதற்கு ஜெயில் என்று இப்போது கேளுங்கள். ஆவுடைக்குக் காய்ச்சல் வந்து தாய்ப்பால் வற்றியதிலிருந்து பிள்ளைக்குச் செவலையின் பால்தான். பொங்கல் கழிந்த நாலாம் நாள் அந்தச் செவலை அவிழ்த்துக்கொண்டு போய் அடுத்த ஊர்க்காரர் சோளக்காட்டில் இறங்கி வயிறாரச் சாப்பிட்டிருக்கிறது. அவர்கள் பிடித்து, ஊர்மேயும் மாடுகளை அடைக்கிற பவுண்டில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். பவுண்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டு எங்கேயோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். இங்கே கன்று கத்துகிறது, பிள்ளை கத்துகிறது, இரண்டுக்கும் நடுவில் ஆவுடை அழுகிறாள். தங்கச்சியைப் பார்க்க வந்த காசிராஜன், பவுண்டுக்குப் போய், பொழுது சாய்கிறவரை வாசலிலேயே குத்தவைத்திருந்து, பிறகு கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் செவலையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் ஓட்டியது ஒரு மாட்டைத்தான். ஆனால் கதவு திறந்திருந்தால் மற்றதுகள் சும்மா நிற்குமா? பின்னாலேயே ஏழு மாடும் ஒரு கழுதையும் ஊர்வலமாக வந்து நம் வாசலில் நின்றன. கழுதையை யார் என்று விசாரிப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. கோர்ட்டில் கேட்டதற்கு, "ஆமா எசமான், கழத்துனேன். பிள்ளைக்குப் பால் வேணும்லா" என்றானாம். வேறு ஒரு சொல் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைதான் தம்பி அது. பசுவும் உங்கள் பசுதான்.

உங்கள் கடிதத்தை நான்தான் ஆவுடைக்கு வாசித்துக் காட்டினேன். இந்த வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே, உங்கள் அண்ணனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கே முக்கால் நாழிகை வேண்டும். கோடு போட்ட இடம் வந்ததும் என் நாக்கு தானாகத் திரும்பிவிட்டது. "மச்சினன் காசிராஜனை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்" என்று வாசித்துவிட்டேன். ஆவுடை, "அக்கா, அந்த வரியை இன்னொருக்க வாசிங்க" என்றாள். இரண்டாம் தடவை இன்னும் நன்றாக வாசித்தேன்.

இருந்தாலும் உங்கள் சொல்லைத் தட்டக் கூடாதே என்று, முகூர்த்தத்துக்குக் காசிராஜன் வர முடியாது என்ற சாக்கில் துரைப்பாண்டியை வரச் சொன்னேன். புது வேட்டி கட்டி, மீசையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தான். மடியில் வைத்ததும் குழந்தை இரண்டு கையாலும் அந்த மீசையைப் பிடித்துத் தொங்கியது. அவன் போட்ட சத்தத்தில், காது குத்துவது பிள்ளைக்கா மாமனுக்கா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டுப் போனாள். ஆவுடை சிரிக்கவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "தாய் தகப்பன் இல்லாத என்னை எங்கண்ணன்தான் மடியில வச்சு வளத்தான். அந்த மடியில குத்தலைன்னா எம்பிள்ளை காது மூளியாவே கிடக்கட்டும் அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அன்றைக்கும் மறுநாளைக்கும் சாப்பிடவில்லை. மாசி பிறந்தால் குழந்தைக்குப் பன்னிரண்டாவது மாதம், இரட்டைப்படையில் குத்த மாட்டார்கள், தையில் மிச்சம் இருந்த நல்ல நாள் ஒரே ஒரு வியாழக்கிழமை. நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

வண்டியைக் கட்டிக்கொண்டு நானும் உங்கள் அண்ணனும் சங்கரன்கோவில் சப்-ஜெயிலுக்குப் போனோம். வாசலில் பீர் மைதீன் என்று ஒரு வார்டர்.

"யாரைப் பாக்கணும்?"

"காசிராஜனை, அண்ணாச்சி."

"என்ன உறவு?"

"என் கொழுந்தன் பொண்டாட்டிக்கு அண்ணன்."

"அது உங்க கொழுந்தன் பொண்டாட்டிக்கு உறவு. உங்களுக்கு?"

"உறவு இல்லாமலா ரெண்டு மாட்டையும் ஒரு புருசனையும் ஓட்டிக்கிட்டு பத்து மைலு வந்திருக்கேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மனு இல்லாமல் பார்க்க முடியாது என்றுவிட்டார். கருப்பட்டிப் பணியாரத்தையாவது கொடுங்கள் என்று தூக்குச்சட்டியை நீட்டினேன். உள்ளே ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று முப்பது பணியாரத்தையும் ஒன்று விடாமல் பிட்டுப் பார்த்தார். "நல்லாப் பாருங்க அண்ணாச்சி, ஏலக்காய் ஒளிஞ்சிருக்கும்" என்றேன். எல்லாவற்றையும் பிட்டு முடித்த பிறகு, வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது என்றார். திரும்பி வருகிற வழியில் உங்கள் அண்ணன் வண்டியில் உட்கார்ந்தபடியே முப்பதையும் தின்று தீர்த்தார். பிட்டு வைத்தது வசதியாக இருந்ததாம்.

திங்கட்கிழமை மனுவோடு போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் காசிராஜன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, உன் முதுகைப் பாக்கவா மனு எழுதிக் குடுத்தேன்? திரும்புலே" என்றேன்.

திரும்பினான். தாடி வைத்து, பண்டாரம் மாதிரி இருந்தான். வெட்கத்தில் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "அக்கா, செவலை ஒழுங்கா கறக்கா? பிள்ளை குடிக்காளா?"

"ரெண்டும் உன்னைவிடக் கொழுத்துப் போச்சு."

"மச்சான் காயிதம் போட்டாவளா? என்ன எழுதியிருக்காவ?"

தம்பி, அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ எனக்குத் தெரியாது. நான் சொன்னது இது: "தாய்மாமன் சீர் என்ன கொண்டு வாறான்னு கேட்டு எழுதியிருக்காவ. ஜெயிலைச் சாக்கு வச்சுத் தப்பிச்சிரலாம்னு பாக்காதே." அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு, தன் இரண்டு கையையும் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஜாமீனுக்கு எழுதியிருக்கேன், பட்டாவுக்கு எழுதியிருக்கேன். மடிக்கு எழுதுனதில்லையேம்மா" என்றார். எழுதியும் கொடுத்தார். சப்-ஜெயிலுக்கு அதிகாரி தாலுகா ஆபீஸ் ஐயாதான். அவர் மனுவை இரண்டு தடவை படித்தார்.

"கைதியை வீட்டுக்கு அனுப்ப முடியாதும்மா."

"வீட்டுக்கு வேண்டாமய்யா. மடி மட்டும் போதும்."

"மடி கைதிகிட்டதானே இருக்கு?"

"அதனாலதான்யா நாங்க வாறோம்னு சொல்லுதேன்."

பிள்ளையைக் கம்பிக்கு உள்ளே விட விதி இல்லை என்றார். பார்வைக்கு வந்தவர்களுக்காகக் கைதியை வெளியே விடவும் விதி இல்லை என்றார். புஸ்தகத்தைப் புரட்டினார். அப்போது வாசலில் நின்ற பீர் மைதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, காலையில கைதிகள் வேப்பமரத்துக்குத் தண்ணி ஊத்த முற்றத்துக்கு வாறாங்க. நடுவுல அஞ்சு நிமிசம் இளைப்பாறுதாங்க" என்றார்.

"இளைப்பாறும்போது நிப்பாங்களா, உக்காருவாங்களா?"

"உக்காருவாங்கய்யா."

ஐயா மனுவின் மேல் எழுதினார்: "அனுமதிக்கப்பட்டது. ஐந்து நிமிஷம். கைதி உட்காரலாம்." அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் மகள் கல்யாணத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவேன்.

வியாழக்கிழமை காலையில் கோவிலில் குழந்தைக்கு மொட்டை போட்டு, சந்தனம் தடவி, புற்றுமண் பூசிக்கொண்டு ஜெயில் வாசலுக்குப் போனோம். கூடவே ஆறுமுகச்சாமி ஆசாரி. ஆசாரியின் பையைப் பீர் மைதீன் ஒரு துண்டில் கொட்டிச் சோதித்தார். ஊசி, குறடு, சின்னச் சுத்தியல், கடைசியாக ஓர் அரம்.

"அரம் எதுக்கு வே?"

"கம்மல் முனை பிள்ளையை அறுக்காம ராவுறதுக்கு."

"ஜெயிலுக்குள்ள அரம் கொண்டு வாறவன் எல்லாம் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்வான்."

ஆசாரிக்குக் கோபம் வந்து, அரம் இல்லாமல் குத்த மாட்டேன் என்று பையைக் கட்டத் தொடங்கிவிட்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆவுடை வார்டர் முகத்தையே பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார், மொட்டைத் தலையைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "அரம் வாசலைத் தாண்டாது. இங்கன குடும், நானே ராவித் தாறேன்" என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஆசாரி ஏச ஏச, இரண்டு கம்மல் முனையையும் மழமழவென்று ராவிக் கொடுத்தார்.

வேப்பமரத்தடியில் காசிராஜன் தண்ணீர் ஊற்றிய கையோடு நின்றான். உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தான். குழந்தையை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறான். "இந்தச் சட்டையோடயாட்டி?" என்று தங்கச்சியிடம் கேட்டான். ஆவுடை, "சட்டை சர்க்காரோடது. மடி எங்கண்ணனோடது" என்று சொல்லிப் பிள்ளையைப் பொத்தென்று மடியில் வைத்துவிட்டாள். தம்பி, நான் எல்லாரையும் கேலி பேசுகிறவள், உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் குனிந்து, பிள்ளை தலையில் அழியாத சந்தனத்தை மறுபடியும் தடவிக்கொண்டிருந்தேன்.

முதல் காதில் ஊசி இறங்கியதும் உங்கள் மகள் போட்ட சத்தத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டாவது காதுக்கு அவளைச் சமாதானம் பண்ண முடியவில்லை. அப்போது காசிராஜன் இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்தான். பனையோலையில் பின்னிய கிலுகிலுப்பை. முற்றத்து வேலியில் உதிர்ந்த ஓலையைக் கேட்டு வாங்கி, மூன்று நாளாகப் பின்னினானாம். உள்ளே கூழாங்கல். அதை ஆட்டியதும் பிள்ளை வாயைத் திறந்தபடியே சத்தத்தை நிறுத்தினாள். ஆசாரி அடுத்த காதையும் முடித்துவிட்டார். "அக்கா, மச்சானுக்கு எழுதுங்க. சீர் இவ்வளவுதான்" என்றான். பீர் மைதீனுக்கு என்ன தோன்றியதோ, நிமிர்ந்து நின்று, கைதிகள் பேரைக் கூப்பிடுகிற அதே குரலில், "தாய்மாமன் காசிராஜன்! கிலுகிலுப்பை ஒண்ணு!" என்று முற்றம் முழுவதும் கேட்கக் கூவினார். ஜன்னலில் நின்ற ஐயா, "அஞ்சு நிமிசம் ஆச்சா?" என்றார். "இன்னும் ஒரு நிமிசம் இருக்குய்யா" என்றார் வார்டர். இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

வருகிற புதன்கிழமை காசிராஜனுக்கு விடுதலை. நேரே இங்கேதான் வருவான். வாசலில் வந்து நிற்பான். நிற்க வைத்தே அனுப்பவா, உள்ளே கூப்பிடவா என்று நீங்கள்தான் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தையும் ஆவுடைக்கு நான்தான் வாசிக்க வேண்டும் என்பதை நினைவில் வைக்கவும். எனக்கு வயதாகிறது, கண்ணும் மங்குகிறது. ஒன்று எழுதியிருக்க இன்னொன்றை வாசிக்கிற சிரமத்தை இனிமேலும் எனக்கு வைக்காதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பொத்தானையும் பார்த்துக்கொள்ளவும். கோமதியம்மாள் உங்களை நல்ல புத்தியோடும், கொஞ்சம் சின்ன வயிற்றோடும் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மதினி
இசக்கித்தாய்

பி.கு.: கார்டில் இடம் அவ்வளவுதான் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது பொய். மூன்று விரல் இடம் இருந்தது. செவலை அவிழ்த்துக்கொண்டு போனது என்பதும் பொய். அன்றைக்கு அதைக் கட்ட மறந்தவள் நான். காசிராஜன் வந்த உடனே தொழுவுக்குப் போய் முளையில் சுற்றியபடி முடிச்சுப் போடாமல் கிடந்த கயிற்றைப் பார்த்தான், என்னையும் பார்த்தான், பிறகு ஒன்றும் சொல்லாமல் பவுண்டுக்குப் போனான். கோர்ட்டிலும் சொல்லவில்லை, இன்றுவரை ஆவுடையிடமும் சொல்லவில்லை. அதனால் யாராவது இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று கோடு போட்டு எழுதுவதாக இருந்தால் என் பெயரை எழுதவும். அதை மட்டும் ஓர் எழுத்து மாற்றாமல் வாசித்துக் காட்டுகிறேன்.